ஹான் காலத்து லேக்கர் கிண்ணம்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது, வாங்கியபின் எப்படி வைப்பது

சீனாவில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன், போரிடும் அரசுகள் காலத்திலும் அதை அடுத்து ஹான் காலத்திலும் செய்த லேக்கர் பாத்திரங்களில் மிகுதியாகக் கிடைத்திருப்பது இருகாதுக் கிண்ணம். நீள்வட்ட வாய், இரு பக்கமும் காதுபோல் நீட்டிய பிடி, பெரும்பாலும் வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. அரக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூச்சி தரும் அரக்கு. லேக்கர் அதுவல்ல, மரத்தைக் கீறி வடித்த பால். ஈரக் காற்றில்தான் இறுகும், இறுகிவிட்டால் சாராயத்தில் கரையாது. சிவப்பு நிறத்துக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குத் தாளகம் எனக் கனிமங்களைக் கலந்தார்கள்.

கிண்ணத்தைத் தொடும் முன் ஆவணங்களைக் கேளுங்கள். சீனச் சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுடையது. அமெரிக்கா 2009 ஜனவரியிலிருந்து தாங் ஆட்சி முடிந்த 907 வரையிலான சீன அகழ்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. 250 ஆண்டுக்கு மேற்பட்ட அகழ்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 28 முதல் இறக்குமதி உரிமம் கேட்கிறது. ஆகவே பொருள் எப்போது சீனாவை விட்டு வெளியேறியது என்பதற்குத் தேதியுள்ள சான்று வேண்டும்: பழைய ஏல அட்டவணை, ரசீது, சுங்கத் தாள். அட்டவணைப் படத்தில் உள்ள விரிசல் அதே இடத்தில் கிண்ணத்திலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 'பழைய சேகரிப்பிலிருந்து' என்ற வாய்மொழி சான்றாகாது. தண்ணீரில் ஊறியபடியே ஒருவர் விற்க வந்தால் அது அண்மையில் தோண்டியது, விலகிவிடுங்கள்.

அடுத்தது பரிசோதனை. மேசையில் தடித்த நுரைமெத்தை, கையில் நைட்ரைல் உறை. பருத்தி உறையின் நூல் உரியும் செதிலில் மாட்டிக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரு கையாலும் அடியைத் தாங்குங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள்.

நம் கண் ஓவியத்துக்குத்தான் போகும். ஆனால் உண்மையைச் சொல்வது உள்ளே இருக்கும் கரு, அதாவது லேக்கர் படலத்துக்கு அடியில் உள்ள மரம் அல்லது துணி. நீர் தேங்கிய கல்லறையில் ஈராயிரம் ஆண்டு கிடந்த மரம் தன் செல்லுலோஸில் பெரும்பகுதியை இழந்து, தண்ணீரால்தான் உருவம் காக்கிறது. அப்படியே உலர்ந்தால் மரம் சுருங்கும், மேல்படலம் சுருங்காது. அதனால் படலம் சுருக்கமிட்டு மேலெழும், வாய் கோணும். கெட்டியான, சற்றும் கோணாத மரக்கரு என்றால் இரண்டில் ஒன்று: மரத்தில் நீர் இருந்த இடத்தை நிரப்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால் அல்லது கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் கொண்டு பதப்படுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் மரம் புதிது. பதப்படுத்தியதென்றால் யார், எப்போது செய்தார்கள் என்ற அறிக்கையைக் கேளுங்கள். துணிக்கருப் பாத்திரம் வேறு வகை. அது லேசாக இருக்கும், அவ்வளவு சுருங்காது, உடைந்த விளிம்பில் நெசவு தெரியும்.

பிறகு ஓவியத்தின் கோடுகள். மேகச் சுருளின் கோடு விரிசலில் அறுந்து, மறுகரையில் அதே அகலத்தில் தொடர வேண்டும். வண்ணம் விரிசலுக்குள் இறங்கியிருந்தால் அது பின்னால் பூசியது.

எழுத்து இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதையும் கணக்கிட்டுப் பாருங்கள். சாங்ஷாவுக்கு அருகே மாவாங்துய் கல்லறைகளில் 1970களில் எடுத்த கிண்ணங்களில் 'மது அருந்துங்கள்' என்ற அழைப்போடு கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கிறது. ஹான் காலத்து ஒரு ஷெங் சுமார் 200 மில்லி. உள்நீளம், உள்ளகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, கிண்ணத்தின் வளைவுக்காக 0.55ஆல் பெருக்குங்கள். 16, 10, 4.5 என்றால் ஏறத்தாழ 396 மில்லி, அதாவது இரண்டு ஷெங். அந்தக் கிண்ணத்தில் 'நான்கு ஷெங்' என்றிருந்தால் எழுதியவர் அளந்து பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றி மட்டும் அளக்காதீர்கள். சிச்சுவானின் அரசுப் பட்டறைகளில் ஆண்டு, கொள்ளளவு, பூசியவர், தீட்டியவர் பெயரெல்லாம் ஊசியால் கீறுவார்கள். முதிர்ந்து வறண்ட படலத்தில் பின்னால் கீறினால் கோட்டின் ஓரம் பொரிந்து உதிரும். லென்ஸில் இது தெளிவாகத் தெரியும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் கார்பன் காலக்கணிப்பை மரத்துக்கு மட்டும் செய்து திருப்திப்படாதீர்கள். பழைய சவப்பெட்டிப் பலகையில் புதிய கிண்ணம் குடைவது தெரிந்த தந்திரம். படலத்திலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கூடவே, வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் வாயு நிறப்பகுப்பு நிறைமாலை ஆய்வு (GC-MS) செய்தால் சீன லேக்கர் மரப்பாலின் முக்கிய வேதிப்பொருளான உருஷியோல் தெரியும். வியட்நாம் மரப்பால் என்றால் லக்கோல், பர்மா மரப்பால் என்றால் திட்சியோல் வரும். செயற்கை ரெசினும் இதிலேயே பிடிபடும்.

வீட்டில் ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். 40க்குக் கீழே போனால் விரிசல், 65ஐத் தாண்டினால் பூஞ்சை. கெடுப்பது பெரும்பாலும் ஏற்ற இறக்கமே, எனவே மூடிய கண்ணாடிப் பெட்டியில் 55 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குப் பழக்கிய, ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் சமன்செய்யும் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வையுங்கள். ஒளி 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். புற ஊதா பட்டால் படலம் மங்கி, பிறகு ஈரத்துணி பட்டாலே கறைபடும். எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் கூடாது. தூசியை மென்மையான தூரிகையால், செதில் எழும்பாத இடத்தில் மட்டும் தட்டுங்கள். உதிர்ந்த செதில் கிடைத்தால் பசை போட்டு ஒட்டாமல், எங்கிருந்து விழுந்தது என்று குறித்து, சிறு டப்பாவில் பத்திரப்படுத்திப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.