பிஎச் 7.2 என்றால் ரத்தம் அமிலமாகிவிட்டதா?

உயிரியல் தேர்வில் பிஎச் பற்றிக் கேட்டால் வரையறையை எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம், 7 நடுநிலை. மனப்பாடம் பக்கா. அந்த எண்ணை வைத்து ஒரு முடிவு சொல்லச் சொன்னால்தான் சறுக்கல் ஆரம்பிக்கிறது. பாதித் தவறுகளுக்குக் காரணம், பிஎச்-ஐ வெப்பமானியில் தெரியும் டிகிரி போலச் சாதாரண எண்ணாகப் படிப்பது.

பிஎச் என்பது ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மடக்கை (லாகரிதம்) அளவு. டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் 1909-ல் இதை அறிமுகப்படுத்தினார். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். ஆமாம், பீர் கம்பெனியின் ஆய்வகம்தான். அங்கே அவர் ஆராய்ந்தது நொதிகளை. ஹைட்ரஜன் அயனிச் செறிவை 0.0000001 என்று சுழியங்களாக அடுக்காமல் 7 என்று சொல்லிவிட முடிந்தால் வசதிதானே? ஆக, வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் பிஎச், உயிரியல் கேள்வி ஒன்றுக்காகப் பிறந்தது.

ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடும். இது பலருக்குத் தெரியும். 0.3 குறைந்தால் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் 'கொஞ்சம்' என்பார்கள். இரண்டு மடங்கு! ரத்தத்தின் பிஎச் 7.4 ஆக இருக்கும்போது லிட்டருக்கு சுமார் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி இருக்கும்; 7.1-க்கு இறங்கினால் சுமார் 80. காகிதத்தில் சின்ன வித்தியாசம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அது பெரிய செய்தி.

சராசரி எடுப்பதிலும் இதே தவறு நடக்கும். பிஎச் 3, பிஎச் 5 உள்ள இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல்களைச் சம அளவு கலந்தால் 4 வராது. செறிவுகளைக் கூட்டி, பாதியாக்கி, அப்புறம்தான் மடக்கை எடுக்க வேண்டும். விடை 3.3. அமிலம் கூடுதலாக உள்ள கரைசல்தான் விடையைத் தன் பக்கம் இழுக்கும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். தமனி ரத்தத்தின் இயல்பான பிஎச் 7.35 முதல் 7.45 வரை. அது 7.2-க்கு இறங்கினால் மருத்துவர்கள் 'அசிடோசிஸ்' என்பார்கள். '7-க்கு மேலேதானே இருக்கிறது, அது எப்படி அமிலம்?' என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ரத்தம் அமிலக் கரைசலாக மாறிவிட்டது என்று அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. தன் இயல்பு நிலையிலிருந்து அமிலப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே அளவுகோல் 7 அல்ல, 7.4. இன்னொன்று, நடுநிலை என்பது 7 ஆக இருப்பதே 25 டிகிரி செல்சியஸில்தான். உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் தூய நீரின் நடுநிலை சுமார் 6.8.

அதே 7.2 செல்லுக்குள் இருந்தால் கவலையே இல்லை. செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்தின் வழக்கமான பிஎச் ஏறக்குறைய அதுதான். அந்தச் செல்லுக்குள்ளேயே கழிவைச் செரிக்கும் லைசோசோமில் 4.5 முதல் 5 வரை, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் 8-ஐ ஒட்டி. இரைப்பையில் 1.5 முதல் 3.5 வரை. 'உடலின் பிஎச்' என்று ஒற்றை எண்ணை யாராவது சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

நொதிகளைப் பற்றி எழுதும்போதும் 'அமிலம் நொதியை அழிக்கும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள். இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் பிஎச் 2-ஐ ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8 வேண்டும். உகந்த அளவிலிருந்து சற்று விலகினால், நொதியின் அமினோ அமிலப் பக்கத் தொகுதிகளின் மின்சுமை மாறி வேகம் குறையும்; பிஎச்-ஐத் திருப்பிக் கொண்டுவந்தால் வேகமும் பெரும்பாலும் திரும்பிவிடும். ரொம்ப விலகினால்தான் வடிவமே குலையும்; இயல்பிழத்தல் என்பது இதுதான். இரண்டையும் 'இயல்பிழத்தல்' என்று ஒரே சொல்லில் எழுதினால் மதிப்பெண் போகும்.

காரத்தன்மை கொண்ட நீரைக் குடித்தால் உடலின் அமிலம் குறையும் என்று சொல்லும் ஆல்கலைன் வாட்டர் விளம்பரங்களுக்குப் பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். பிஎச் 9 உள்ள நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோமோல் ஹைட்ராக்சைடு அயனி இருக்கும். பிஎச் 2 உள்ள இரைப்பை நீர் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனியும் 10 மைக்ரோமோல்தான். அதாவது, ஒரு லிட்டர் தண்ணீரின் காரத்தை ஒரு மில்லி இரைப்பை நீர் முடித்துவிடும். தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதற்கும் இரைப்பையில் சரக்கு இருக்கிறது. எலுமிச்சைச் சாறு 'உடலுக்குள் போனதும் காரமாகிவிடும்' என்பதும் இதே ரகம். சாற்றில் உள்ள சிட்ரேட் உடைந்த பிறகு சிறுநீரின் பிஎச் உயரலாம். ஆனால் ரத்தத்தின் பிஎச் அசையாது. சிறுநீரின் பிஎச் ஏறி இறங்குகிறது என்றால் சிறுநீரகம் வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

தாங்கல் கரைசலைப் (பஃபர்) பற்றி அதிகம் காணும் வாக்கியம், 'பிஎச்-ஐ மாறாமல் வைத்திருக்கும்' என்பது. மாறும், மெதுவாக, குறைவாக மாறும். ரத்தத்தின் பைகார்பனேட் தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிகேஏ, அதாவது அதன் அமில வடிவமும் கார வடிவமும் சமமாக இருக்கும் பிஎச், 6.1. பிகேஏ-வுக்கு ஒரு அலகு இப்படி அப்படி இருக்கும் வரைதான் தாங்கல் திறமையாக வேலை செய்யும் என்ற விதிப்படி பார்த்தால், 7.4-இல் இது ஒரு மட்டமான தாங்கல். அப்புறம் எப்படி ஓட்டுகிறது? இரண்டு முனைகளிலும் ஆள் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றுகிறது, பைகார்பனேட்டைச் சிறுநீரகம் கவனிக்கிறது. பைகார்பனேட்டும் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடும் 20-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும் வரை பிஎச் 7.4. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் விட்டுவிட்டு எழுதிய விடை பாதி விடை.

கார்பன் டை ஆக்சைடில் ஹைட்ரஜனே இல்லையே, அது எப்படி அமிலத்தைக் கூட்டும் என்று இங்கே குழப்பம் வரும். அது நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி இதை விரைவாக்குகிறது. மூச்சை வேகவேகமாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து பிஎச் ஏறும். பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது விரல் நுனிகள் மரத்துப்போவது இதனால்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'அமிலம் கூடும்' என்று எழுதுவதும் தவறு. தொடர்ந்து வாந்தி எடுத்தால் வெளியேறுவது இரைப்பை அமிலம். ரத்தம் காரப் பக்கம் போகும். கடுமையான வயிற்றுப்போக்கில் போவது பைகார்பனேட். ரத்தம் அமிலப் பக்கம் போகும்.

அமிலத்தின் வலிமை (எவ்வளவு பங்கு அயனியாகிறது) வேறு, செறிவு (எவ்வளவு கரைந்திருக்கிறது) வேறு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்துக்கு 2.9. பின்னதில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனியாகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்முனையை வாலைவடிநீரில் ஊறவைக்காதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் டிரிஸ் என்ற தாங்கல் கரைசலை அறை வெப்பநிலையில் 7.4 என்று சரிசெய்து குளிர்பெட்டியில் வைத்தால், 4 டிகிரியில் அது சுமார் 8 ஆகிவிடும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப்போகிறீர்களோ, அங்கேயே அளந்து சரிசெய்யுங்கள்.