வெறும் வயிற்றில் 190: காரணம் பப்பாளி

இரண்டு வாரமாக, அநேக நாட்கள் காலையில் வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் பார்த்தால் சுகர் 190-க்குக் கீழே இறங்கவே இல்லை. ராத்திரி இட்லியை நாலிலிருந்து இரண்டாக்கினேன். அப்புறம் கோதுமை ரவை உப்புமா, அப்புறம் கேழ்வரகு அடை. மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்பிலும் புது டப்பா பிரித்தாயிற்று. பலனில்லை. பெரம்பூரில் லேபில் கொடுத்தால் 118!

நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: ஞாயிறுகளில் மட்டும் 120-ஐ ஒட்டி இருந்தது. அன்று பேத்திக்குப் பள்ளி இல்லை. மற்ற நாட்களில் அவள் டிபன் டப்பாவுக்குப் பப்பாளி நறுக்கிவிட்டுத்தான் விரலைக் குத்துவேன். பழத்தைப் பிடிப்பது இடது கை, குத்துவதும் இடது கை மோதிர விரல்.

மறுநாள் நறுக்கியதும் சானிடைசர் பஞ்சால் துடைத்துக் குத்தினேன்: 204. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பக்கத்து விரலில்: 119. கண்ணுக்குத் தெரியாத பழச்சாறுதான் அந்தத் துளி ரத்தத்தில் கலந்திருக்கிறது. பஞ்சால் துடைத்தால் அது முழுசாகப் போகாது. தண்ணீரில் கழுவ வேண்டும்.

இந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் லோ சுகர் ஆகியிருக்கும், அதை நினைத்தால்தான் பதறுகிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ராத்திரிக்கு இப்போது மூன்று இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார்.