மொட்டை மாடி சோலார் ஹீட்டருக்கு வீட்டிலேயே சர்வீஸ்

சோலாரில் சூடு வரவில்லை என்றதும் பலரும் நேராக மாடிக்கு ஏறி ட்யூபைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோளாறோ பல வீடுகளில் குளியலறையில் இருக்கிறது. சோதனையை அங்கிருந்தே தொடங்குங்கள். ட்யூபைக் கழற்றுவது கடைசி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருக்கும் வகைக்கு: 100 முதல் 300 லிட்டர் டேங்க், அதில் நேராகச் செருகிய கண்ணாடி ட்யூப்கள், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் தண்ணீர். செப்புக்குழாய் வைத்த தட்டை பேனல் வகைக்கு மாறும் விஷயங்களைக் கடைசிப் பக்கம் சொல்லியிருக்கிறோம்.

குளியலறையில்

மாடியில் சோலார் டேங்கிலிருந்து சுடுதண்ணீர் கிளம்பும் வால்வை மூடுங்கள். கீழே வந்து சுடுதண்ணீர்க் குழாயைத் திறங்கள். பைப்பில் நின்ற தண்ணீர் ஓரிரு நிமிடத்தில் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது சோலார் தண்ணீர் இல்லை. ஏதோ ஒரு மிக்ஸர் (சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் குழாய்) வழியாகப் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுந்து வருகிறது.

வழக்கமான காரணம் கை ஷவரோ ஹெல்த் ஃபாசெட்டோதான். மிக்ஸரின் இரண்டு திருகையும் திறந்தே விட்டுவிட்டு, கைப்பிடியில் மட்டும் நிறுத்தியிருப்பார்கள். வெளியேற வழியில்லாத பச்சைத்தண்ணீர், அழுத்தம் குறைந்த சுடுதண்ணீர்ப் பக்கம் போய்விடும். ஒவ்வொரு மிக்ஸரின் இரண்டு திருகையும் இறுக்கி மூடிப் பாருங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. திருகை மூடியும் நிற்கவில்லை என்றால் உள்ளே கார்ட்ரிட்ஜோ வாஷரோ தேய்ந்திருக்கிறது. பச்சைத்தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது இன்னும் மோசம். தண்ணீர் சுடுதண்ணீர் லைனில் மேலேறி, சோலார் டேங்குக்குள் போய், மாடியில் ஏர் வென்ட் (டேங்கிலிருந்து மேலே நிற்கும் காற்றுக்குழாய்) வழியாக ஊற்றும்.

சொட்டும் குழாயையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சொட்டினால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். 150 லிட்டர் டேங்க் ஏறக்குறைய காலி.

சூட்டை அளந்து பாருங்கள்

கையால் தொட்டுச் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் நாளில் சுடுதண்ணீரைத் தொடாமல் விட்டு, மாலை 4 மணிக்கு, பைப்பில் ஆறிய தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு அளங்கள். 60 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் ட்யூப்கள் நன்றாக வேலை செய்கின்றன. மறுநாள் விடிந்ததும் திரும்ப அளங்கள். 5 முதல் 8 டிகிரி வரை இறங்குவது இயல்பு.

மாலையில் சூடாக இருந்து காலையில் 15 டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் ட்யூபை விடுங்கள், இரவில் சூடு எங்கே போகிறது என்று தேடுங்கள். சோலாருக்கு வரும் பச்சைத்தண்ணீர்ப் பைப்பை இரவு 9 மணிக்குத் தொட்டுப் பாருங்கள். டேங்கை ஒட்டி ஓரிரு அடி சுடுவது சரி. ஓவர்ஹெட் டேங்க் வரைக்கும் சுட்டால், தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் என்.ஆர்.வி வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கும் தகட்டில் மணலோ உப்போ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். புதிதாக மாற்றுவதென்றால் தகடு ஊஞ்சல்போல ஆடும் வகையை வாங்கி, படுக்கைவாட்டில், அம்புக்குறி சோலாரைப் பார்க்கும்படி வையுங்கள். ஸ்பிரிங் வைத்த வகையை இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரால் சரியாகத் திறக்க முடியாது.

மாலையிலேயே சூடு இல்லை என்றால் மாடிக்குப் போகலாம்.

மாடியில், கழற்றாமல்

முதலில் நிழல். காலை 9 முதல் மாலை 3 வரை எந்த ட்யூபிலும் நிழல் விழக்கூடாது. சித்திரையில் பார்த்து "நிழலே இல்லை" என்று வைத்த சோலார் மார்கழியில் ஏமாற்றும். திருச்சி, கோவை போன்ற ஊர்களில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியனே தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பக்கத்தில் 10 அடிச் சுவர் இருந்தால் நண்பகலிலேயே ஏறத்தாழ 7 அடிக்கு நிழல் விழும். பக்கத்து வீட்டின் புதிய மாடியும் வளர்ந்துவிட்ட தென்னையும் இந்தக் கணக்கில் வரும்.

அடுத்து ட்யூபின் அடிமுனை. மூடியைக் கழற்றினால் கண்ணாடிக்குள் வெள்ளிபோல ஒரு பூச்சு தெரியும். அது பளபளவென்று இருந்தால் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. தண்ணீர் ஒழுகாவிட்டாலும் அந்த ட்யூப் சூடாக்காது. மூடியைக் கழற்ற முடியாத மாடல்களில் நண்பகலில் வெளிக்கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ட்யூப் தொடும் சூட்டில்தான் இருக்கும். வரிசையில் ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதை மாற்ற வேண்டும்.

தூசியை மாதம் ஒருமுறை விடியற்காலையில் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தால் போதும்.

ஏர் வென்ட் குழாயின் வாயில் குளவிக்கூடோ உப்போ அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இது அடைத்தால், டேங்க் காலியாகும்போது காற்று உள்ளே வராமல் மெல்லிய ஸ்டீல் உள்பக்கமாக நசுங்கும். கோடையில் நீராவி வெளியேற வழியின்றி வெல்டிங் விடும். வென்டின் மேல்முனை ஓவர்ஹெட் டேங்கின் நீர்மட்டத்தைவிடக் குறைந்தது ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓயாமல் ஊற்றும். "ஊற்றுகிறதே" என்று மூடி போட்டு அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு இந்த மாடியில் வேறு கிடையாது.

சுடுதண்ணீர் பைப்பைச் சுற்றிய ஃபோம் வெயிலில் பொடிந்து போயிருந்தால் புதிது சுற்றி, மேலே அலுமினியம் டேப் ஒட்டுங்கள். அது சூடு தாங்கும் சி.பி.வி.சி பைப்தானா என்றும் பாருங்கள். சாதாரண வெள்ளை பி.வி.சி சூட்டில் இளகித் தொங்கும். பச்சைத்தண்ணீர் பைப்பிலும் டேங்கை ஒட்டிய கடைசி சில அடி சூடு தாங்கும் பைப்பாகவே இருக்க வேண்டும்.

ட்யூபைக் கழற்றிக் கழுவுதல்

போர் தண்ணீர் வீடுகளில் இதுதான் முக்கியமான சர்வீஸ். கடினமான தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. 60 டிகிரிக்கு மேல் இது வேகமெடுக்கும். பொடி முழுவதும் ட்யூபின் அடியில் போய்ச் சேரும். டேங்கின் ட்ரெய்ன் வால்வைத் திறந்தால் டேங்க்தான் காலியாகும், ட்யூபில் இருப்பது அப்படியே நிற்கும். வருடாவருடம் ட்ரெய்ன் பண்ணியும் சூடு குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் இதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தண்ணீரின் கடினத்தன்மை சொல்லும். டி.டி.எஸ் மீட்டர் இதற்கு உதவாது, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சொட்டு விட்டுப் பார்க்கும் ஹார்ட்னெஸ் கிட் வாங்குங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் என்றால் வருடம் ஒருமுறை. சிறுவாணித் தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீர் என்றால் மூன்று நான்கு வருடம் தாங்கும்.

தேவையானவை: கனமான கையுறை, ஷூ, சோப்புத் தண்ணீர், மார்க்கர், நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த நைலான் பிரஷ், சிட்ரிக் ஆசிட், ட்யூப் எண்ணிக்கைக்குச் சமமாகப் புதிய சிலிக்கான் ரிங் (ட்யூப் செருகும் ஓட்டையில் ஒழுகாமல் தடுப்பது), எல்லா ட்யூபையும் மூடும் அளவுக்குத் தார்ப்பாய். உடன் ஒரு ஆள்.

வேலையை விடியலில் தொடங்குங்கள். வெயிலில் காலியாக நிற்கும் ட்யூபின் உட்பக்கம் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத்தண்ணீர் பட்டால் அந்த நொடியே வெடிக்கும். முந்தைய மாலையே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் நாள் முழுக்க நிதானமாகச் செய்யலாம்.

டேங்குக்குள் மின்சார ஹீட்டர் இருந்தால் அதன் எம்.சி.பி-யை (மின்சாரப் பெட்டியில் இருக்கும் சுவிட்ச்) அணையுங்கள். பச்சைத்தண்ணீர் வால்வை மூடி, ட்ரெய்னைத் திறந்து டேங்கைக் காலி செய்யுங்கள். இரவுச் சூடு இன்னும் இருக்கும், தண்ணீர் விழும் இடத்தில் காலை வைக்காதீர்கள். ஒவ்வொரு ட்யூபிலும் கழுத்தருகே தூசு ரிங் (டேங்குக்கு வெளியே தெரியும் வளையம்) இருந்த இடத்தை மார்க்கரால் குறியுங்கள். திரும்பப் போடும்போது எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவு கிடையாது.

தூசு ரிங்கைக் கீழே தள்ளி, கழுத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கப்பைக் கழற்றுங்கள். ட்யூபை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். இளகியதும், அதன் சாய்வு விட்டு விலகாமல் நேராகக் கீழ்நோக்கி இழுங்கள். கப் கழலாத ஸ்டாண்ட் என்றால், ட்யூபைச் சற்று மேலே டேங்குக்குள் தள்ளி அடிமுனையை விடுவித்துக்கொள்ளுங்கள். 58 மி.மீ விட்டமும் 1800 மி.மீ நீளமும் உள்ள ட்யூபில் சுமார் 2.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்தக் கனத்துக்குத் தயாராக இருங்கள். அடிமுனையில் ஊசிபோல ஒரு கண்ணாடிக் காம்பு இருக்கும். அதைத் தரையில் ஊன்றி முனை உடைந்தால் வெற்றிடம் போனது, ட்யூபும் போனது. சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள்.

வெறும் சேறும் பொடியும் என்றால் கொட்டிவிட்டுக் கழுவினால் போதும். ஒட்டிய சுண்ணாம்புக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு பிரஷ் போடுங்கள். பெரிய ட்யூபுக்கு ஏறத்தாழ 125 கிராம். நுரைப்பது நிற்கும்வரை அதே கரைசலை அடுத்த ட்யூபுக்கும் பயன்படுத்தலாம். பிறகு மூன்று முறை அலசுங்கள். கம்பியை உள்ளே விட்டுக் குத்தக் கூடாது. கண்ணாடியில் விழும் ஒரு கீறல் அடுத்த வெயிலில் விரிசலாகிவிடும்.

கழிப்பறை ஆசிட்டைக் கொண்டுவராதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், முக்கியமாக வெல்டிங் ஓரங்களில், ஊசிமுனை ஓட்டைகளைப் போடும். ட்யூப் பளிச்சென்று ஆகும், டேங்க் ஒழுகும்.

ட்யூப்கள் வெளியே இருக்கும்போதே டேங்கின் ஓட்டைகள் வழியாகக் கையை விட்டு அடியில் கிடக்கும் சில்லுகளை வழித்தெடுங்கள். தகட்டு விளிம்பு கூர்மையாக இருக்கும், கையுறை வேண்டும். பழைய ரிங்குகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள்; ரிங்கின் பள்ளம் ஓட்டை விளிம்பைச் சுற்றிலும் கவ்வியிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, திருகியபடியே குறி வரைக்கும் உள்ளே தள்ளி, கப்பை மாட்டுங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டாம். ஒழுகாமல் இருக்க சிலிக்கான் பசை வைத்து ஒட்டுவதும் வேண்டாம். அடுத்த சர்வீசில் ட்யூபை உடைக்காமல் எடுக்க முடியாது.

தண்ணீர் நிரப்புதல்

தார்ப்பாய் மூடியிருக்கும்போதே, அல்லது சூரியன் இறங்கிய பிறகு, வால்வைப் பாதி திறந்து மெதுவாக நிரப்புங்கள். எல்லாக் கழுத்தையும் 15 நிமிடம் கவனியுங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் விட்டுவிட்டு வராமல் சீராக ஓடிய பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். தண்ணீரில்லாமல் எரிந்தால் காயில் போய்விடும்.

நிரம்பியும் குளியலறையில் வரவில்லை என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. மிக்ஸரின் இரண்டு திருகையும் திறந்து, வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்து அரை நிமிடம் பிடியுங்கள். முதலில் சோதனையில் குற்றவாளியாக நின்ற அதே பச்சைத்தண்ணீர் இப்போது மேலேறி, காற்றை வென்ட் வழியாகத் தள்ளிவிடும்.

ஹீட்டரும் ஆனோடும்

2 கிலோவாட் காயிலை மின்சாரம் துண்டித்து மல்டிமீட்டரால் பார்த்தால் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. காயில் முனைக்கும் டேங்க் உடலுக்கும் இடையே ஏதாவது காட்டினால் மின்கசிவு. அன்றைக்கே வயரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த ஹீட்டரைப் பயன்படுத்தக் கூடாது. 150 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 3 மணி நேரம் ஆகும். மழைநாளில் அரை மணி போட்டுவிட்டுக் குறை சொல்ல வேண்டாம்.

எனாமல் பூசிய இரும்பு டேங்கில், துரு டேங்கைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுக்கும் மக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும், அதுதான் ஆனோடு. வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

ட்யூப் கழுத்தில் கசிந்தால் ரிங்தான், கவலையில்லை. ட்யூபே இல்லாத இடத்தில், டேங்கின் வயிற்றிலோ பக்கவாட்டு மூடியிலோ சொட்டினால் உள் டேங்க் ஓட்டை. உள்ளே ஃபோம் நனைந்து சூடு தாங்காமல் போயிருக்கும். ஒட்டுப்போடுவது வீண் செலவு. டேங்கை மட்டும் மாற்றி, பழைய ட்யூபையும் ஸ்டாண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

தட்டை பேனல் என்றால்

ட்யூப் கழற்றும் வேலை இல்லை. பேனலின் கீழ்மூலை ட்ரெய்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். கண்ணாடிக்குள் காலையில் லேசாகப் பனித்து வெயில் ஏறியதும் மறைந்தால் பிரச்சினையில்லை. நாள் முழுக்க நின்றால் ரப்பர் பீடிங் விட்டிருக்கிறது, அல்லது செப்புக்குழாய் கசிகிறது. கடினமான தண்ணீரில் அந்த மெல்லிய குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து செம்பு பிளந்துவிடும்; மாலையில் பேனலைக் காலி செய்துவிடுவது நல்லது.

கோடையும் வெளியூரும்

சித்திரை, வைகாசியில் வீட்டில் யாரும் சுடுதண்ணீர் கேட்பதில்லை, டேங்கோ கொதிநிலையை நெருங்கும். சுண்ணாம்பும் அப்போதுதான் வேகமாகப் படியும். பாதி ட்யூபைச் சாக்கால் மூடிக் கட்டிவிடுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு.

வெளியூர் போகும்போது டேங்கைக் காலி செய்யாதீர்கள். நிரப்பி வைத்து, எல்லா ட்யூபையும் மூடிவிட்டு, ஹீட்டரை அணைத்துப் போங்கள். பல நாள் கழித்துத் திரும்பினால் நின்ற தண்ணீரை ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் பிறகு குளியுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். யாராவது ஒருவரிடம் ஓவர்ஹெட் டேங்கைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள். குரங்கு உடைத்த ஒரு ட்யூப் போதும், சோலாரும் ஓவர்ஹெட் டேங்கும் சேர்ந்து காலியாக. நண்பகலில் அப்படி ஆனால் வால்வை மூடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். புது ட்யூப் போட்டுத் தண்ணீர் விடுவது மறுநாள் விடியலில்.