மூட்டு ஜவ்வு கிழிசல்: ஆபரேஷனா, பயிற்சியா? முடிவெடுப்பதில் நடக்கும் தவறுகள்

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொன்னால், எந்த ஜவ்வு என்று முதலில் கேளுங்கள். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் லிகமெண்டையும் ஜவ்வு என்கிறோம், எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இங்கே பேசுவது மெனிஸ்கஸைப் பற்றி.

அதிகம் பேர் செய்யும் தவறு, முழங்காலை விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது. ரிப்போர்ட்டில் கிரேடு 1, கிரேடு 2 என்றிருந்தால் அது மேற்பரப்புவரை வராத உள்மாற்றம், கிழிசலே அல்ல. கிரேடு 3-தான் கிழிசல். அதுவும் வலிக்குக் காரணமாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. 50 முதல் 90 வயது வரையிலானவர்களை வைத்து 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61% பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் மூட்டுவலியே இல்லை.

வயதால் நைந்து கிழிந்ததை வெட்டி எடுத்தால் வலி போய்விடும் என்று நம்புவது அடுத்தது. பின்லாந்தில் 146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிழிந்த பகுதியை நீக்கினார்கள். மற்றவர்களுக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் வெட்டவில்லை. ஒரு வருடம் கழித்து இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. மெத்தையை வெட்டினால் எலும்பின் மேல் விழும் அழுத்தம் கூடும். அது பின்னாளில் தேய்மானத்துக்கு வழி.

அதற்காக எல்லாவற்றுக்கும் பயிற்சியே போதும் என்று உட்கார்ந்துவிடுவதும் ஆபத்து. கால் முழுதாக நீளுகிறதா என்று பார்க்க, மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். நல்ல கால் நேராக நீளும். அடிபட்ட கால் கடைசிக் கொஞ்சத்துக்கு நீளாமல் ஏதோ அடைத்தாற்போல நின்றால், மெனிஸ்கஸின் கிழிந்த பகுதி மூட்டின் நடுவில் மடிந்து மாட்டி, மூட்டு பூட்டிக்கொண்டிருக்கலாம். வீக்கத்தாலும் வலியாலும்கூட கால் நீளாமல் போகும் என்பதால் சீக்கிரமே மருத்துவர் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். 'கடக் கடக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் அது மூட்டு பூட்டிக்கொண்டதாக ஆகாது. குந்தி எழும்போதோ படி இறங்கும்போதோ 'டப்' என்று கேட்டு, முழங்காலின் பின்பக்கம் சுரீரென்று வலித்தால் மெனிஸ்கஸை எலும்போடு பிணைக்கும் வேர்ப்பகுதி கிழிந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் மெத்தை பக்கவாட்டில் பிதுங்கி, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஆபரேஷன் என்று முடிவானால் தைக்கிறார்களா, நீக்குகிறார்களா என்று கேளுங்கள். ரத்த ஓட்டம் மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் உண்டு; அங்கே போட்ட தையல் ஆறும், உள் ஓரத்தில் ஆறுவது கடினம். நீக்கினால் சில நாட்களில் நடக்கலாம். தைத்தால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கத் தடை, விளையாட்டுக்குத் திரும்ப 4 முதல் 6 மாதம். இந்தக் கணக்குத் தெரியாமல் லீவு போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

பயிற்சியை இரண்டு வாரத்தில் கைவிட்டு "பலனில்லை" என்பார்கள். ஆய்வுகளில் கொடுத்தது 12 வாரம், வாரம் 2, 3 முறை. தொடைத் தசைக்கு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வெறும் நடைப்பயிற்சி இதற்கு ஈடாகாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், கிழிசலை ஒட்டாது. ஆபரேஷன் யோசனை இருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டால் அதை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; ஊசி போட்ட சூட்டோடு அறுத்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடும்.