மான் வேட்டைக்கு ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மான் வேட்டைக்குத் தோட்டா வாங்க முனைபவர் தோட்டாக்களின் பெயர்ப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பாக, தமக்கு உரிமம் வழங்கப்பட்டுள்ள மானின் உடல் எடையையும் அதை எவ்வளவு தொலைவிலிருந்து சுட நேரும் என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் ரோ மான் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ எடைக்குள் அடங்கிவிடும். வட அமெரிக்க வெண்வால் மானில் நன்கு வளர்ந்த ஆண் 100 கிலோவைத் தாண்டுவது உண்டு. ஆண் செம்மானோ 200 கிலோவைக்கூட எட்டும். இவை அனைத்துக்கும் ஒரே தோட்டாவைப் பரிந்துரைப்பவரின் பேச்சை நான் ஐயத்துடனேயே கேட்பேன்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சட்டம். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டப்படி, மிகச் சிறிய இனங்களைத் தவிர்த்த மான்களுக்குக் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்கும், குழல் முனையில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது. ஜெர்மனியிலோ ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் 1,000 ஜூல் ஆற்றல் இருந்தால் போதும். செம்மான் போன்ற பெரிய மான்களுக்கு 6.5 மில்லிமீட்டர் விட்டமும் அதே தொலைவில் 2,000 ஜூல் ஆற்றலும் தேவை. ஆகவே, ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் குண்டைச் (தோட்டாவிலிருந்து பாய்ந்து செல்லும் உலோகத் துண்டு) சுடும் .243 வின்செஸ்டர் தோட்டா, செம்மான் வேட்டைக்கு ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்டும் மற்றொன்றில் தடுக்கப்பட்டும் இருக்கிறது.

தொலைவைப் பொறுத்தவரை, பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகின்றனர். மரங்கள் அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்குள்ளாகவே சுட நேரும் என்றால், 1895இல் வெளிவந்த .30-30 வின்செஸ்டர் இன்றும் போதுமானது. இதைச் சுடும் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் வடிவக் கிடங்கில் ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் எரிமூட்டியில் (அடிபட்டால் தோட்டாவை வெடிக்கச் செய்யும் பகுதி) அழுந்தும் என்பதால் இதன் குண்டுகள் பெரும்பாலும் தட்டை முனையுடன் செய்யப்படுகின்றன. அதனாலேயே அவை விரைவில் வேகம் இழக்கின்றன. திறந்த வெளியில் 200 மீட்டரும் அதற்கு அப்பாலும் சுட வேண்டியவருக்கு, கூர்முனைக் குண்டைக் கொண்ட .270 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர், .308 வின்செஸ்டர் போன்றவை ஏற்றவை.

இவற்றுள் எது என்பதை முடிவு செய்யும்போது ஆற்றலைவிடப் பின்னுதைப்புக்கே அதிக மதிப்பளிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறுக்களவே கொண்டது. உதைப்பை எதிர்பார்த்துத் தோள் சுருங்குபவர் ஆற்றல் மிக்க .300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கையில் வைத்திருந்தும் அந்த வட்டத்துக்கு வெளியே சுட்டு, விலங்கைக் காயத்துடன் ஓடவிடுவார். ஒரே எடையுள்ள துப்பாக்கிகளில் .243இன் பின்னுதைப்பு .30-06 ஸ்பிரிங்ஃபீல்டினுடையதில் ஏறக்குறைய பாதிதான். இதனாலேயே உடல் வலுக் குறைந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் .243 அல்லது 6.5 கிரீட்மூர் பொருந்தும். பெரிய மான்களையும் வேட்டையாட எண்ணுபவருக்கு .308 நல்ல நடுவழி. எங்கும் எளிதில் கிடைப்பதும் அதன் கூடுதல் நன்மை.

தோட்டாவின் பெயரைவிட அதில் பொருத்தப்பட்ட குண்டின் அமைப்பே மானை விரைந்து வீழ்த்துகிறது. .243இல் 55 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையுள்ள குண்டுகளும் விற்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறு விலங்குகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதால், மானின் தோள் எலும்பில் பட்டதும் உள்ளே செல்லாமல் சிதறிவிடக்கூடும். மானுக்கு 85 முதல் 100 கிரெயின் வரையிலான, விரிந்தும் ஊடுருவியும் செல்லக்கூடிய குண்டு வேண்டும். முழு உலோக உறையிட்ட ராணுவ வகைக் குண்டு விரியாமல் ஊடுருவிச் சென்றுவிடுவதால் அதை வேட்டைக்குப் பயன்படுத்தக்கூடாது.

ஈயத் துகள்கள் இறைச்சியிலும், எஞ்சிய உடலைத் தின்னும் கழுகுகளின் வயிற்றிலும் சேர்வதைத் தவிர்க்கவே செம்புக் குண்டுகள் பரவி வருகின்றன. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்துள்ளது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அது விரிவதற்குக் கூடுதல் வேகமும் தேவை. எனவே .308இல் 150 கிரெயின் ஈயக் குண்டுக்குப் பழகியவர், செம்பில் 130 கிரெயின் அளவுக்கு இறங்குவது பொதுவாகப் பயன் தரும்.

தோட்டாவை முடிவு செய்த பின்னரும், இரண்டு மூன்று வகைப் பெட்டிகளை வாங்கிச் சுடுதளத்தில் தம் துப்பாக்கியில் சோதித்து, சிறு வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் வகையையே வேட்டைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக் குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடிப்பகுதியில் பொறித்த பெயரும் ஒன்றாக இருப்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள் அது நுழைவது மட்டுமே பொருத்தத்துக்குச் சான்றாகாது: .223 ரெமிங்டன் அறைக்குள் .300 பிளாக்அவுட் தோட்டா சில வேளைகளில் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.