‘காலி பண்ணுங்க’ என்றதும் செய்யக்கூடாத தவறுகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடிக்கும், கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். மாநகராட்சிப் பொறியாளர் வந்து தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்குள்ள காலி பண்ணிடுங்க” என்பார்.

அந்த வாய்ச்சொல்லையே உத்தரவு என்று நம்பிவிடாதீர்கள். பார்வையிட வந்தவர் அறிக்கை எழுதலாம். உத்தரவு என்றால் அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். நோட்டீஸை வாங்க மறுப்பதில் பயனில்லை. சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

அதற்காக, நோட்டீஸ் வரட்டும் என்று விரிசல் விட்ட வீட்டுக்குள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கவும் கூடாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னமே வெளியேறியிருந்ததால்தான் ஓர் உயிரும் போகவில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் வெளியே வாருங்கள், சட்டத்தை அப்புறம் பேசலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். “கார்ப்பரேஷனே சொல்லிட்டாங்க” என்று வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார். பொறியாளரின் நோட்டீஸ் வாடகை நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆகாது. 2017 வாடகைச் சட்டப்படி, ஒத்துக்கொள்ளாத வாடகைதாரரை வெளியேற்ற அந்த நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அதுவரை தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. ரிப்பேருக்காகப் போகிறீர்கள் என்றால், திரும்பக் குடிவருவதையும் அட்வான்ஸ் பாக்கியையும் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புக்காக மட்டுமே வெளியேறுகிறேன் என்று நீங்களும் ஒரு கடிதம் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நோட்டீஸும் ஒன்றல்ல. அனுமதியில்லாத கட்டுமானம் என்று வந்தால் அது 1971 நகரமைப்புச் சட்ட விவகாரம். அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இடிப்பதாக இருந்தால் 15 நாள் நோட்டீஸ், நேரில் விசாரணை, இறுதி உத்தரவுக்குப் பிறகு இன்னும் 15 நாள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று சொல்லியிருக்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை, நீர்நிலை ஓரத்து ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அரசு குடிசைப் பகுதியாக அறிவித்த இடம் என்றால், உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குப் போட முடியாது என்கிறது 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின் 29-வது பிரிவு. உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு போன் போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைப்பார்.