சிறுநீர்க் கசிவு: சிகிச்சை ஆய்வுகளை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

“கெகல் பயிற்சி எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகலை.” இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கசிகிறது என்று சொல்லும் பெண்கள் பலரும் அடுத்து சொல்வது இதுதான். (கெகல் என்பது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை உள்ளே இழுத்துச் சுருக்கிவிடும் பயிற்சி.) எத்தனை நாள் செய்தீர்கள் என்றால் பத்து நாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றால் யூடியூப்.

பத்து நாளில் எந்தத் தசையும் வலுப்படாது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், கண்காணிப்போடு குறைந்தது மூன்று மாதம், தினம் மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது தசையைச் சுருக்கிவிடச் சொல்கிறது. நாட்கணக்கைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. 1991-இல் வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் பயிற்சியை விளக்கிவிட்டு, சரியாகச் செய்கிறார்களா என்று அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார். இப்படிச் செய்தால் கசிவு கூடத்தான் வாய்ப்பு. ஆகவே ‘பலன் இல்லை’ என்று முடிவு கட்டும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமோ மகளிர் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட அலசலில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள் என்ற கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது இருமல், தும்மலில் வரும் அழுத்தக் கசிவுக்கு மட்டும் உரியது. 31 ஆய்வுகளில் நான்கிலிருந்து, 165 பெண்களிடமிருந்து வந்தது. அதுவும் சிகிச்சை முடிந்த கையோடு கேட்டது. பயிற்சியை விட்டுவிட்டவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

அழுத்தக் கசிவையும் அவசரக் கசிவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் ஆகப் பெரிய பிழை என்பேன். திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவது அவசரக் கசிவு. அங்கே சிறுநீர்ப்பையே வேளை கெட்ட வேளையில் சுருங்குகிறது. அதை அமைதிப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரை தும்மலில் கசிபவருக்கு உதவாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை நமக்குக் கேட்காததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த மாத்திரையைப் பற்றியே 1998-இல் அமெரிக்காவில் ஒரு நல்ல ஆய்வு வந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட 197 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தசைப் பயிற்சியும் அவசரத்தை அடக்கும் உத்தியும் கற்றவர்களுக்குக் கசிவு 81 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 69 சதவீதம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 39 சதவீதம் குறைந்தது! உடல் எடைக் குறைப்பு பற்றி 2009-இல் வந்த ஆய்விலும் இதே கதை: எடை குறைத்த குழுவில் கசிவு 47 சதவீதம் குறைந்தபோது, பெயருக்கு ஆலோசனை மட்டும் கேட்ட குழுவிலும் 28 சதவீதம் குறைந்தது. யாரோ அக்கறையாகக் கேட்கிறார்கள், தினமும் நோட்டில் குறித்து வைக்கிறோம் என்பதே ஓரளவு மாற்றத்தைத் தந்துவிடும். எனவே ஒரு லேகியத்தையோ நாற்காலி இயந்திரத்தையோ விற்பவர் “பத்தில் நாலு பங்கு குறைந்தது” என்றால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

விலை கூடிய கருவி கூடுதலாக வேலை செய்யும் என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்திருக்கிறது. தசை சுருங்குவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியோடும் அது இல்லாமலும் 600 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வு 2020-இல் வெளியானது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை.

பெண்களிடம் கிடைத்த முடிவை அப்படியே ஆண்களுக்குப் பொருத்துவதும் சரிவராது. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றிய ஆண்களுக்குத் தனித்தனியே பயிற்சி கொடுத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பயிற்சிக் குழுவில் 76 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 77 சதவீதம் பேருக்கும் கசிவு இருந்தது.

ஹார்மோன் மாத்திரைக்கும் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமுக்கும் பெயர் ஒன்று, விளைவு வேறு. மாதவிடாய் நின்ற 27,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் வாய்வழி ஹார்மோன் கசிவைக் கூட்டியது. கிரீம் சிலருக்கு உதவக்கூடும்.

அறுவை சிகிச்சை என்றாலே ஓடுவதும் வேண்டாம். 460 பெண்களைக் கொண்ட நெதர்லாந்து ஆய்வில் (2013), சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை வைத்தவர்களில் 91 சதவீதம் பேரும், பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேரும் ஒரு வருடத்தில் முன்னேற்றம் கண்டார்கள். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறகு அறுவைக்கு மாறினார்கள். மறுபக்கம், இந்தப் பட்டையும் செயற்கை வலையால் ஆனதுதான். வலை வைத்ததால் வலியும் தொற்றும் வந்தவர்களின் புகார்கள் பெருகி, 2018-இல் இங்கிலாந்து இத்தகைய அறுவைகளை நிறுத்திவைத்தது. 2019-இல் அமெரிக்கா விற்பனையை நிறுத்தியது கருப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவுக்கான பட்டையை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தும் செய்திகள் நிறைய வருகின்றன.

கசிவோடு சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கால் திடீரென மரத்தாலோ, சிறுநீர் வெளியேறாமல் வயிறு உப்பினாலோ மூன்று மாதப் பயிற்சிக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.